சிறைப்பட்ட உறவினரைத் தேடலும் துணைநிற்றலும்

(புதுக்கோட்டையிற் கூடிய நமது சங்க ஆண்டுக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியைப் பற்றியும், மணவினைச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயமோ ஒருவரும் விரும்பிக் கேட்கத் தகாதது. மங்கலமான கூட்டத்தில் சிறைச்சாலையைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று காரியதரிசி அவர்களிடமே யான் ஆட்சேபித்தேன். "சென்ற ஆண்டில் மாத்திரம் நம் அங்கத்தினர் குடும்பங்களில் எத்தனை பேர் இரவில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் தெரியுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன்மேல் எனக்கு மறுமொழி இல்லை.

யான் வக்கீலல்லன், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியன். இவ்விஷயத்தில் எனக்குக் கிடைத்த அறிவு புத்தகத்தினின்று முதலில் வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தமையன் மகனைத் தேடி இரண்டு பகலும் ஓரிரவும் அலைந்த அலைச்சலே எனக்கு அதனைக் கற்பித்தது. அதைச் சிறிது சொல்லுகிறேன்.

மஞ்சுவிரட்டுத் திடலில் ஒரு வாய்ச்சண்டை கைச்சண்டையாக முற்றிற்று. மறுநாள் சனிக்கிழமை மாலை, பையனைச் சிலர் பட்டறையிலிருந்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களென்று செய்தி வந்தது. என் மதனியார் அழுதுகொண்டே என் வீட்டிற்கு வந்தார். முதலில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்; "இங்கே அப்படி யாரையும் கொண்டுவரவில்லை" என்றார்கள். இரண்டாவதிலும் அதே விடை. மூன்றாவதில் வாயிலைத் தாண்டவே விடவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த ஒரு புண்ணியவான், "பச்சைச் சட்டைப் பையனா? உள்ளேதான் இருக்கிறான், மத்தியானம் நான்தான் டீ கொடுத்தேன்" என்று மெல்லச் சொன்னார். அந்நேரத்தில் ஒருவர் எங்களை அணுகி, பதினாயிரம் ரூபாய் கொடுத்தால் பையனை வழக்கில்லாமல் விடுவிப்பதாகக் கூறினார். மதனியார் காதிலிருந்த தோடு அன்றிரவே அடகுக்குப் போயிற்று. பணம் வாங்கியவரை அதற்குப்பின் நாங்கள் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பையனை மாஜிஸ்ட்ரேட் அவர்களின் இல்லத்தில் ஆஜர்செய்து ரிமாண்டு பெற்றுச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது திங்கட்கிழமை காலையிலேதான் எங்களுக்குத் தெரிந்தது. பையனுக்கு ஆஸ்த்துமா உண்டு. அவன் மூச்சுமருந்து எங்கள் கையிலிருந்தது, அவனோ சிறையிலிருந்தான்.

அன்பர்களே! அவ்விரண்டு நாளும் யாங்கள் செய்தவற்றிற் பெரும்பாலானவை தவறு. செய்யவேண்டியவற்றை எங்களுக்குச் சொல்லுவார் ஒருவருமில்லை. அக்குறை இனி நம்மவர்க்கு இருத்தலாகாது.

ஒருவரைக் கைதுசெய்தால் அதற்குரிய காரணத்தை அவருக்குச் சொல்லவேண்டும். அவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள இடங்கொடுக்கவேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிறுத்தவேண்டும். இது நமது அரசியல் சாசனத்தின் 22ஆவது ஷரத்து. டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் வகுத்த விதிகள் இதனை விரித்தன: கைதுக் குறிப்பு ஒன்று எழுதப்படவேண்டும், அதிற் குடும்பத்தாரோ ஊராரில் மதிப்புடைய ஒருவரோ சாட்சிக் கையொப்பமிடவேண்டும், எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவேண்டும். 2024 ஜூலை 1ஆந் தேதி முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக வழங்கிவரும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் இவ்விதிகள் 36 முதல் 48 வரையுள்ள பிரிவுகளிற் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் 37ஆவது பிரிவை நம்மவர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும், மாவட்டத் தலைமையிடத்திலும், கைதானவரின் பெயர், விலாசம், குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் பொறுப்பு ஓர் அதிகாரிக்கு உண்டு. அவ்விவரம் யாவரும் காணுமாறு வைக்கப்படவும் வேண்டும். ஆதலின் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஓடுவதற்கு முன் மாவட்டப் போலீஸ் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டல் வேண்டும். யாங்கள் அதைச் செய்யவில்லை; அப்படியொன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"இங்கே இல்லை" என்ற விடை கிடைத்தால் வாதாடிப் பயனில்லை; எழுத்தாற் பேசவேண்டும். முற்காலத்தில் நம் பெரியோர் உடனே தந்தியாபீசுக்கு ஓடுவார்கள். இன்னாரை இன்ன நேரத்திற் கொண்டுபோயினர் என்று மேலதிகாரிகளுக்குத் தந்தி கொடுத்துவிட்டால், அத்தந்தியில் விழுந்த முத்திரையின் நேரமே பிற்பாடு கோர்ட்டிற் சாட்சியாக நிற்கும். அந்தத் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. பதிவுத் தபாலும் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. ஆகவே இக்காலத்தில் மின்னஞ்சலும் விரைவுத் தபாலுமே அந்தத் தந்தியின் வேலையைச் செய்யவேண்டும். மாவட்டப் போலீஸ் சூப்பரின்டெண்டுக்கும், மாஜிஸ்ட்ரேட்டுக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் நான்கு வரி எழுதினாற் போதும்: பெயர், வயது, கொண்டுபோன இடமும் நேரமும், உடலிலுள்ள நோய். வசைமொழி ஒன்றும் வேண்டுவதில்லை.

24 மணி நேரங் கடந்தும் இருப்பிடம் தெரியாவிடின் ஆட்கொணர்வு மனு உண்டு. நம் ஜில்லா சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. 2004 ஜூலையில் அக்கிளை திறக்கப்பட்ட பின், இதற்காகச் சென்னைக்கு ரயிலேறும் கஷ்டம் நமக்கு நீங்கிற்று. இம்மனுவின் அருமையை அறியவேண்டுமாயின் கேரளத்து ஈச்சர வாரியர் என்ற ஆசிரியரின் சரித்திரத்தை அறிதல்வேண்டும். அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1ஆந் தேதி, கோழிக்கோட்டு எஞ்சினீயரிங் கல்லூரி மாணவனாகிய அவர் மகன் ராஜனைப் போலீசார் கொண்டுபோயினர். தந்தை கக்கயம் முகாமின் வாயிலில் நின்றார், உள்ளே விடவில்லை. மந்திரிகளைக் கண்டார், மனுமேல் மனு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அவசரநிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லையென்று தீர்ப்பளித்திருந்தமையால், அவருக்குக் கோர்ட்டின் கதவும் அடைபட்டிருந்தது. அவசரநிலை நீங்கிய 1977 மார்ச்சிலேயே அவர் கேரள ஹைகோர்ட்டில் மனுச்செய்தார். மகன் உயிருடன் வரவில்லை, சடலமுங் கிடைக்கவில்லை. ஆயினும் அவ்வழக்கின் விளைவாக, முன்பு உள்நாட்டு மந்திரியாயிருந்து அப்போது முதன்மந்திரியாயிருந்த கருணாகரன் பதவி துறக்க நேர்ந்தது. ஓராசிரியரின் பேனாவுக்கு அவ்வளவு வலிமை இருந்தது. அவர் இழந்ததோ அதனால் ஈடாகவில்லை.

இனி, ரிமாண்டு வேளையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுவே மிக முக்கியமான கட்டம். மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிற்கும் அந்தச் சில நிமிஷங்களிற் குடும்பத்தார் ஒருவரும் வக்கீல் ஒருவரும் அருகிலிருத்தல் வேண்டும். அடிபட்டிருந்தால் அப்போதே சொல்லவேண்டும். நோயிருந்தால் அப்போதே மருந்துச்சீட்டைக் காட்டவேண்டும். சாத்தான்குளத்து வியாபாரிகளான தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், 2020 ஜூன் 19ஆந் தேதி ஸ்டேஷனிற் பிடித்துவைக்கப்பட்டு, மறுநாள் ரிமாண்டாகிக் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டனர். நான்கு நாட்களுக்குள் இருவரும் மாண்டனர். இரத்தம் தோய்ந்த துணியோடு வந்தவர்களின் காயம் ரிமாண்டு வேளையிலேயே கவனிக்கப்பட்டிருக்குமாயின் என்னவாகியிருக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்குபவர்கள் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தை அறியார். காவலிலிருக்கும் எவர்க்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வக்கீல் பெறும் உரிமையுண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும், பழங்குடியினருக்கும் காவலில் இல்லாதபோதும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிற் பேசலாம். இலவச வக்கீல் ஏனோதானோவென்று வாதிப்பார் என்று சிலர் இகழ்வர். சிலர் அப்படியும் இருக்கலாம். கடன்பட்டு அமர்த்திய வக்கீல்களிலும் அப்படிப்பட்டாரை யான் கண்டிருக்கிறேன்.

எந்தச் சிறையில் இருக்கிறார்? புதுக்கோட்டை நகரிலேயே மாவட்டச் சிறையும் பார்ஸ்டல் பள்ளியும் உள்ளன. இளவயதினரை வைத்துத் திருத்தும் பொருட்டு 1920களில் இயற்றிய சட்டத்தால் ஏற்பட்டது பார்ஸ்டல் முறை. ஸ்திரீகளையும், குண்டர் சட்டத்தின்கீழ் வைக்கப்படுவோரையும், நீண்ட தண்டனை பெற்றோரையும் திருச்சிராப்பள்ளியில் தேடவேண்டும்; அங்கே மத்தியச் சிறையும் மகளிர் தனிச்சிறையும் இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைச் சிறையிலோ போலீஸ் லாக்கப்பிலோ வைத்தலே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னரே கொண்டுபோகவேண்டும். ஆதலால் வயதுச் சான்றிதழைக் கையிலெடுத்துக்கொண்டே வீட்டைவிட்டுப் புறப்படுங்கள். பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் ஒன்று பிள்ளையின் ஆயுளையே மாற்றக்கூடும், ஆசிரியனாயிருந்தவன் சொல்லுகிறேன்.

சிறைவாயிலுக்கு முதன்முறை போகிறவர் சோற்றுத் தூக்கோடு போவார். என் மதனியாரும் இட்டிலி அவித்து எடுத்துக்கொண்டு வந்தார், உள்ளே வாங்கவில்லை. அத்தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த காட்சியை யான் மறக்கமாட்டேன். கொண்டுபோகவேண்டியவை வேறு: சொந்த அடையாள அட்டை, உறவைக் காட்டும் குடும்ப அட்டை, மாற்றுத் துணி, கண்ணாடி அணிபவராயின் கண்ணாடி, டாக்டரின் மருந்துச்சீட்டு. மருந்தைச் சிறை டாக்டரின் மூலமாகவே கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள். கைதியின் சொந்தக் கணக்கிற் பணம் கட்டினால் சிறைக் கடையிற் சோப்பும் பண்டமும் அவர் வாங்கிக்கொள்வார். சந்திப்புக்கு முன்கூட்டியே பெயர் பதியவேண்டும். மத்திய அரசின் ஈ-முலாகாத் என்னும் வசதியால் இணையத்திலும் பதியலாம். வக்காலத்தில் கைதி இடும் கையொப்பத்தைச் சிறையதிகாரி அத்தாட்சிசெய்து அனுப்புவார். ஒன்று சொல்ல மறந்தேன்: சந்திப்பின்போதும் சிறைத் தொலைபேசியிலும் வழக்கின் விவரங்களைப் பேசாதீர்கள். "சாப்பிட்டாயா, தூங்கினாயா, பயப்படாதே" என்பனவே போதும். மற்றவை வக்கீலிடம்.

ஜாமீனைப் பற்றி விரிப்பிற் பெருகும். குற்றப்பத்திரிகை 60 நாளிலும், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாளிலும் வராவிடின், ஜாமீன் கேட்பது கைதியின் உரிமையாகிவிடும் என்பதைக் காலண்டரிற் குறித்துவையுங்கள். நாள் தவறினால் உரிமையும் தவறிப்போகும். விசாரணையிலேயே நெடுநாள் கிடப்பவரில், முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கையும், மற்றவர் பாதியையும் கழித்துவிட்டால் 479ஆவது பிரிவின்படி வெளிவர வழியுண்டு; மரணம், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது, பல வழக்குகள் உள்ளவருக்கும் பொருந்தாது.

ஜாமீன் கிடைத்தும் வெளிவராமல் கிடப்பவர் பலர். காரணம் ஜாமீன்தார் இல்லாமையே. வீட்டுவரி ரசீதும், அடையாள அட்டையும், வேண்டுமாயின் தாசில்தாரின் சொத்துமதிப்புச் சான்றும் கொண்டு கோர்ட்டிற் கையெழுத்திட இருவர் வேண்டும். உறவினர் கூட்டம் விருந்துக்கு வருவதுபோல் இதற்கு வருவதில்லை. சுப்ரீம் கோர்ட் 2023 ஜனவரி 31ஆந் தேதி வழங்கிய உத்தரவில், ஜாமீன் உத்தரவின் பிரதியை உடனே மின்வழியாகச் சிறைக்கு அனுப்பவும், ஏழு நாளில் கைதி வெளிவராவிடின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவும், ஒரு மாதத்திலும் ஜாமீன்தார் கிடைக்காவிடின் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே ஆலோசிக்கவும் வழிசெய்தது. அவ்வாண்டிலேயே மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்காக வகுத்த திட்டத்தில், ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதத்திற்கு 25,000 ரூபாய் வரையும் உதவி செய்ய ஏற்பாடாயிற்று. 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கினரைக் குற்றவாளிகள் என்று இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. நாம் மாத்திரம் திண்ணையிலிருந்துகொண்டு சொல்லிவிடுகிறோம்.

கடற்கரைத் தாலூகாக்களிலிருந்து வந்திருக்கும் அன்பர்கள் தங்கள் துயரத்தைச் சொல்லவில்லையேயென்று நினைக்கலாம். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கடலுக்குப் போகும் விசைப்படகுகளை எல்லை தாண்டினவென்று இலங்கைக் கடற்படை பிடிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. அத்தேசம் 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பைத் தடைசெய்து, 2018இல் அயல்நாட்டுப் படகுகளுக்கு அபராதத்தை மிகவும் உயர்த்தியபின், விஷயம் கடினமாயிற்று. வீட்டார் உடனே மீன்துறை அதிகாரியிடம் படகின் பதிவெண்ணையும், படகிலிருந்த யாவரின் பெயரையும் எழுதிக்கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது. சிறையிற் போய்ப் பார்ப்பவர்களும் வக்கீல் அமர்த்துபவர்களும் அவர்களே. 2011இற் பிடிபட்ட ராமேசுவரத்து மீனவர் ஐவருக்கு 2014 அக்டோபரிற் கொழும்புக் கோர்ட் மரணதண்டனை விதித்தது. அடுத்த மாதமே மன்னிப்புப் பெற்று அவர்கள் ஊர் திரும்பினர். அடுத்தபடியாக, வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலைசெய்யும் நம் பிள்ளைகள் சிறைப்பட்டால், 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது ஷரத்துப்படி தம் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி சொல்லும்படி கேட்கும் உரிமை அவர்களுக்குண்டு. பாஸ்போர்ட் பிரதி ஒன்று வீட்டிலிருந்தால் தேடுதல் எளிது. அமெரிக்காவிற் படிக்கப்போனவராயின், அந்நாட்டில் கௌண்டி என்னும் ஜில்லாக்களிற் பெரும்பாலானவற்றில் ஷெரீபின் பொறுப்பில் ஒரு சிறையுண்டு; பெயரையும் பிறந்த தேதியையுங் கொண்டு இணையத்திலேயே தேடலாம். குடியேற்ற அதிகாரிகள் வைத்திருந்தாலோ அவர்களுக்குத் தனிப் பதிவேடு.

இத்துணையும் கேட்டபின், "குற்றஞ் செய்தவனுக்குச் சங்கம் ஏன் துணைபோகவேண்டும்? குலத்தின் பெயர் கெடாதா?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். நேற்றே ஒருவர் என்னிடம் கேட்டார். என் தமையன் மகன் கை ஓங்கியது உண்மை, கோர்ட் அவனுக்கு அபராதம் விதித்தது, கட்டினான். அடிபட்டவரின் வைத்தியச் செலவையும் யாங்கள் கொடுத்தோம். அதற்காக அவனுக்கு மூச்சுமருந்து கிடையாமற் போகவேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவன் தங்கைக்கு வந்த சம்பந்தம் அந்த வாரமே தட்டிப்போயிற்று; அவளை எந்தக் கோர்ட் தண்டித்தது?

ஆனால், பெரியோர்களே, இதன் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லுவேன். சில இடங்களில் வகுப்புச் சண்டையிற் சிறைப்பட்டவன் வெளிவருங்கால், சிறைவாயிலிலே மாலையும் மேளமும் வெடியுமாகக் கூட்டிவருகிறார்கள். அது துணைநிற்றலன்று, அடுத்த சண்டைக்கு அச்சாரம். நம் சங்கப் பணத்தில் ஒரு காசும் அதற்குப் போகலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3ஆந் தேதி, சிறையிற் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் பகுதி பிரித்து அடைப்பதும் செல்லாவென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, கைதிப் பதிவேட்டிலுள்ள சாதிக் கட்டத்தையே நீக்கச் சொல்லிற்று. அரசாங்கப் பதிவேட்டில் நீங்கிய கட்டத்தைச் சங்கத்தார் சிறைவாயிலிற் கொண்டுபோய்த் திரும்பப் போடவேண்டாம். அந்தப் புளியமரத்தடியில் என் மதனியாரின் பக்கத்தில் வேறு வகுப்பைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மனு எழுதத் தெரியாது. என் மதனியார் இட்டிலியை அவரோடு பகிர்ந்தார். யான் மனுவை எழுதிக்கொடுத்தேன். நம் சங்கத்தின் சார்பாகப் போகிறவர் யார் கேட்டாலும் எழுதிக்கொடுக்கவேண்டும்.

காரியதரிசி அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார். அதில் மூன்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறது. முதற்பக்கத்தில், நள்ளிரவிலும் கூட வரச் சம்மதிக்கும் வக்கீல்களின் பெயர். இருவர் ஏற்கெனவே எழுதிவிட்டனர். இரண்டாம் பக்கத்தில், மனு எழுதவும் மின்னஞ்சல் அனுப்பவும் தெரிந்த இளைஞர், யுவதிகளின் பெயர். மூன்றாம் பக்கம் ஜாமீன்தாருக்குரியது, அது வெறுமையாயிருக்கிறது. என் வீட்டுவரி ரசீதை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். முதற்பெயராக என் பெயரை எழுதிவிட்டு உட்காருகிறேன். புத்தகம் சாப்பாட்டுக் கொட்டகையின் வாயிலிலுள்ள மேஜைமேல் இருக்கும்.